121 தோல்வி: வொயிட் சாக்ஸ் சரிந்ததற்கு யார் பொறுப்பு?

தெற்குப்பக்கம்:
வேறொரு இழையில் கணக்குப்பிள்ளை அண்ணா "2024 சீசன் என்பது டீமைப் புதிதாகக் கட்டுவதற்குக் கொடுத்த விலை, அதற்காக ஓனரைத் திட்டுவது நியாயமில்லை" என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அங்கே பேச்சைத் திசை திருப்ப வேண்டாம் என்று தனியாகத் தொடங்குகிறேன்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: சிகாகோ வொயிட் சாக்ஸ் 2024இல் 162 ஆட்டங்களில் 41 ஜெயித்து 121 தோற்றது. 1900க்குப் பிறகு ஒரே சீசனில் இத்தனை ஆட்டம் தோற்ற டீம் வேறு இல்லை. அதற்கு முன் 1962இல் நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றிருந்தது. ஆனால் மெட்ஸுக்கு அதுதான் முதல் வருடம். மற்ற டீம்கள் கழித்துவிட்ட ஆட்களை வைத்து ஒப்பேற்றினார்கள். வொயிட் சாக்ஸ் அப்படியா? 2021இல் 93 ஆட்டம் ஜெயித்து டிவிஷனில் முதலிடம். அடுத்த வருடம் 81, அதற்கடுத்து 61, அப்புறம் 41. படி படியாக இறங்கியிருக்கிறார்கள், யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

1981 முதல் டீம் ஓனர் ஜெரி ரைன்ஸ்டார்ஃப் பொறுப்பில் இருக்கிறது. 2020 கடைசியில், டீம் மேலே வந்துகொண்டிருந்த நேரத்தில், 2011க்குப் பிறகு எந்த டீமுக்கும் மேனேஜராக (களத்தில் ஆட்டத்தை நடத்துபவர்) இல்லாத 76 வயது டோனி லா ரூசாவைக் கூட்டிவந்தார். 2023 ஆகஸ்டில் டீம் நிர்வாகத்தைக் கவனித்த கென்னி வில்லியம்ஸ், ரிக் ஹான் இருவரையும் அனுப்பியவர், பத்து நாளுக்குள் உள்ளேயே இருந்த கிறிஸ் கெட்ஸை ஜெனரல் மேனேஜர் (ஆட்டக்காரர்களை வாங்கி விற்பவர்) ஆக்கினார். அதற்கு முன் கெட்ஸ் பார்த்த வேலை இளம் ஆட்டக்காரர்களை வளர்ப்பது. இந்த டீமின் நோயே அந்த வளர்ப்பு சரியில்லை என்பதுதானே அண்ணா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, கோபம் புரிகிறது. நானும் அந்த 121ஐயும் பார்த்தவன்தான். ஆனால் கெட்ஸ் வந்தபோது கையில் என்ன இருந்தது? யோவான் மொன்காடா காயத்தால் அந்த சீசனில் மொத்தமே 12 ஆட்டம் ஆடினார். லூயிஸ் ராபர்ட் ஏறக்குறைய இரண்டு மாதம் வெளியே. இந்த டீமை இழுத்துப் பிடித்து 70 வெற்றிக்குக் கொண்டுபோயிருக்கலாம், யாருக்கு என்ன லாபம்? விற்கக்கூடியவர்களை நல்ல விலை இருக்கும்போதே விற்பதுதான் சரி. பந்துவீச்சாளர் டிலன் சீஸின் ஒப்பந்தம் 2025 முடிவில் தீர்ந்துவிட இருந்தது. அதற்கு முன் சான் டியாகோவுக்குக் கொடுத்து நான்கு பேரை வாங்கினார்கள். இதில் என்ன தப்பு?

வரலாற்றையும் பாருங்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011 முதல் வரிசையாக 106, 107, 111 ஆட்டம் தோற்றது. 2017இல் கோப்பை. டெட்ராய்ட் டைகர்ஸ் 2003இல் 119 தோற்றது. மூன்றே வருடத்தில் கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடர் ஆடியது. அடிமட்டத்தைத் தொடாமல் மேலே வர முடியாத கட்டம் என்று ஒன்று உண்டு.

இன்னொன்று. 2005இல் கோப்பை வந்ததும் இதே ஓனர் காலத்தில்தான். 1917க்குப் பிறகு 88 வருடம் காத்திருந்து கிடைத்தது அது. அதை மட்டும் மறந்துவிடுகிறீர்கள்.

தெற்குப்பக்கம்:
சீஸ் ஜூலை 25ஆம் தேதி சான் டியாகோவுக்காக ஒரு ஹிட்கூட விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். அந்தத் தேதியில் நாங்கள் 21 ஆட்டத் தொடர் தோல்வியின் நடுவில் இருந்தோம். ஜூலை 10இல் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை ஒரு வெற்றிகூட இல்லை. அமெரிக்கன் லீக்கில் 1988 பால்டிமோர் ஓரியோல்ஸ் வைத்திருந்த அதே சாதனை. அந்த ராத்திரி செய்தியைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிரிட்ஜ்போர்ட்காரன்:
கொஞ்சம் துரதிருஷ்டமும் இருந்தது, அதை யாரும் பேசுவதில்லை. மே 23, பால்டிமோருடன் ஆட்டம். ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ், 8-6 என்று பின்தங்கியிருக்கிறோம், பேஸில் இரண்டு பேர், ஏற்கெனவே ஒருவர் அவுட். நம் பேட்டர் அடித்த பந்து உயரே போகிறது. நடுவர் இன்ஃபீல்ட் ஃப்ளை (எளிதில் பிடிக்கக்கூடிய பந்து, பிடிக்காவிட்டாலும் அவுட்) என்று கை தூக்கிவிட்டார், பேட்டர் அவுட். இரண்டாவது பேஸுக்குத் திரும்பிய ஆண்ட்ரூ வான், பந்தை அண்ணாந்து பார்த்தபடி வந்த பால்டிமோரின் கன்னர் ஹெண்டர்சனின் வழியில் பட்டுவிட்டார். ஹெண்டர்சன் பந்தைப் பிடித்தும்விட்டார்! ஆனாலும் இடையூறு என்று சொல்லி வானையும் அவுட் கொடுத்தார்கள். அதுதான் மூன்றாவது அவுட், ஆட்டம் அதோடு முடிந்தது. அப்படி ஒரு முடிவை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த ஆட்டம் கொடுமைதான். ஆனால் துரதிருஷ்டம் என்ற வாதத்தை நானே ஏற்க மாட்டேன். சீசன் முழுக்க எடுத்த ரன் 507, கொடுத்தது 813. 306 ரன் பள்ளம். ஒன்றிரண்டு தீர்ப்புகளால் அது வராது.

டெட்ராய்ட்வாசி:
டைகர்ஸ் பெயரை இழுத்ததால் வருகிறேன். 2003ஐ உள்ளூரில் இருந்து பார்த்தவன் நான். அண்ணா, அந்த 119 தோல்வி எங்களைத் தூக்கிவிடவில்லை. அடுத்து வந்த இரண்டு காரியங்கள்தான் தூக்கிவிட்டன.

ஒன்று, எங்கள் ஓனர் மைக் இலிச் பணத்தை எடுத்தார். 2004இல் ஐவன் ராட்ரிகஸ். 2005இல் மாக்லியோ ஓர்டோன்யஸ், 5 வருடத்துக்கு 7.5 கோடி டாலர். ஓர்டோன்யஸ் எங்கிருந்து வந்தார்? உங்கள் வொயிட் சாக்ஸிலிருந்து. 2006இல் கடைசிப் பந்தில் ஹோம்ரன் அடித்து எங்களை உலகத் தொடருக்கு அனுப்பியதும் அவர்தான். 2022 டிசம்பரில் உங்கள் டீம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்ததும் 5 வருடம், அதே 7.5 கோடி. உங்கள் டீம் வரலாற்றில் அதுவரை கொடுத்ததிலேயே பெரிய ஒப்பந்தம் அது. பதினேழு வருட விலைவாசியைச் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு, டிராஃப்ட், அதாவது புது ஆட்டக்காரர்களை டீம்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது. 119 தோற்றதற்கு 2004இல் இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தது, ஜஸ்டின் வெர்லாண்டரை எடுத்தோம். உங்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. புதிய விதிப்படி, மற்ற டீம்களிடமிருந்து வருவாய்ப் பங்கு வாங்காத டீம் முதல் சில இடங்களுக்குக் குலுக்கிப் போடும் லாட்டரியில் அடுத்தடுத்த வருடங்களில் கலந்துகொள்ள முடியாது. 2024இல் ஐந்தாவது இடம் வாங்கிவிட்டதால், 121 தோற்ற பிறகும் 2025இல் பத்தாவது இடம்தான். தோற்றால் பலன் உண்டு என்ற கணக்கே இங்கே ஓடாது.

கிரிக்கெட் ரசிகன்:
நடுவில் ஒரு கேள்வி. இவ்வளவு தோற்றால் கால்பந்து மாதிரி கீழ் லீக்குக்கு இறக்கிவிட மாட்டார்களா?

தெற்குப்பக்கம்:
மாட்டார்கள். அமெரிக்காவில் அந்த வழக்கமே கிடையாது. அடுத்த ஏப்ரலில் அதே லீக், டிவி பங்கும் நிற்காது. ஓனருக்குப் பயமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மீனா:
கடைசி உள்ளூர் ஆட்டங்களில் ஒன்றுக்கு மகளோடு போயிருந்தேன். செப்டம்பர் 25, புதன். அப்போது 120 தோல்வி, இன்னும் ஒன்று தோற்றால் சாதனை முறியும். ரெட் லைனில் 35ஆவது தெரு ஸ்டேஷனில் இறங்கும்போதே, பக்கத்தில் இருந்தவர்கள் "இன்றைக்குத் தோற்றால் வரலாறு" என்று பேசிக்கொண்டார்கள். உள்ளே "டீமை விற்றுவிடு" என்று கூட்டம் கத்தியது. என் மகளுக்குப் பத்து வயது. "ஏன் அம்மா நம்ம டீம் தோக்கணும்னு சொல்றாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது. ஜெயிக்கும் அடியை அடித்தது யார் தெரியுமா, டெட்ராய்ட்வாசி சொன்ன அதே பெனின்டெண்டி. 4-3. ஆட்டக்காரர்கள் கோப்பை ஜெயித்தவர்கள் போலத் துள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள். ஏஞ்சல்ஸுடன் ஆடிய அந்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். 121ஆவது தோல்வி வெள்ளிக்கிழமை டெட்ராய்டில் வந்தது. அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை, கடைசி இரண்டையும் ஜெயித்தார்கள்.

ஓனரைத் திட்டுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் டீம் தோற்க வேண்டும் என்று டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தச் சம்பளப் பட்டியலை அந்தப் பையன்கள் எழுதவில்லை.

தெற்குப்பக்கம்:
மீனா அக்கா, அந்தக் கூட்டத்தில் நானும் கத்தினேன், செவ்வாயன்று. ஆனால் தோற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. 2005இல் என் முதல் வேலை இந்த ஊரில், முதல் நண்பர்கள் கிடைத்தது டீம் கோப்பை ஜெயித்த அந்த அக்டோபரில். டீம் இப்படிக் கிடப்பதைப் பார்த்து வயிறு எரிந்துதான் கத்தினேன். உங்கள் மகள் காதில் அது வேறு மாதிரி விழுந்திருந்தால் எனக்கு வருத்தம்தான்.

கணக்குப்பிள்ளை:
டெட்ராய்ட்வாசி சொன்ன டிராஃப்ட் விதியை நான் எடை போடாமல் விட்டது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 2025ஐப் பாருங்கள். 60 வெற்றி, 19 கூடுதல். ஜூலையில் கீழ்நிலை டீமிலிருந்து மேலே வந்த கால்சன் மாண்ட்கோமரி 71 ஆட்டத்தில் 21 ஹோம்ரன் அடித்தார். பந்துவீச்சாளர் காரெட் குரோஷேயைப் பாஸ்டனுக்குக் கொடுத்து வாங்கிய கைல் டீல், சேஸ் மைட்ராத் இருவரும் முதல் வருடமே நிலைத்துவிட்டார்கள். இது விற்றதால் வந்தது, இல்லையா?

தெற்குப்பக்கம்:
102 தோல்வியும் வந்ததே அண்ணா, வரிசையாக மூன்றாவது வருடம் நூறைத் தாண்டி.

குரோஷே பேச்சை நீங்களே எடுத்தது நல்லது. 2020 டிராஃப்டில் நாம் எடுத்த பையன். 2024இல் அந்த இடிபாட்டுக்குள் நின்று 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பாஸ்டன் போனதும் அவர்கள் 6 வருடத்துக்கு 17 கோடி டாலர் கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள். அங்கே 18 ஆட்டம் ஜெயித்தார், 255 ஸ்ட்ரைக் அவுட். நம் டீமின் மிகப் பெரிய ஒப்பந்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அது. வளர்ந்து நின்றவனை வைத்துக்கொள்ள மனம் இல்லாத ஓனர் இருக்கும்வரை, டீல் வந்தால் என்ன, மாண்ட்கோமரி வந்தால் என்ன? நான்கைந்து வருடம் கழித்து அவர்களையும் வேறு ஊர் சட்டையில்தான் பார்ப்போம். 2029 முதல் டீம் ஜஸ்டின் இஷ்பியா என்ற முதலீட்டாளர் கைக்குப் போக வழி செய்யும் ஒப்பந்தம் வந்திருக்கிறது என்பது ஒன்றுதான் எனக்கு இப்போது ஆறுதல்.

கணக்குப்பிள்ளை:
17 கோடிக்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. குரோஷேயை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மாண்ட்கோமரியை இப்போதே வழியனுப்பாதீர்கள். அவர் ஒப்பந்தப் பேச்சு வரும் நாளில் அவரையும் விற்றார்கள் என்றால், இந்த இழையைத் தேடி எடுத்து உங்கள் பக்கம் என்று எழுதுகிறேன்.

மீனா:
ஏப்ரலில் முதல் ஞாயிறு உள்ளூர் ஆட்டத்துக்கு நாங்கள் போகிறோம். மகள் மாண்ட்கோமரி சட்டை கேட்கிறாள். வருகிறவர்கள் சொல்லுங்கள், பக்கத்துப் பக்கத்து சீட் பார்க்கலாம்.