லேக்கன்ஹீத் போஸ்டிங்: கிரைண்டர், கார், வாடகை வீடு, பாஸ்போர்ட். எதை எடுத்துட்டுப் போறது, எதை விட்டுட்டுப் போறது?

தேன்மிட்டாய் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கணவர் அமெரிக்க விமானப்படையில இருக்கார். சான் ஆன்டோனியோவிலிருந்து இங்கிலாந்து ஆர்.ஏ.எஃப். லேக்கன்ஹீத் விமானத் தளத்துக்கு 36 மாத ஆர்டர் வந்திருக்கு. 8 வயசுப் பொண்ணு, 4 வயசுப் பையன், ஒரு லாப்ரடார். அவருக்கும் பிள்ளைகளுக்கும் அமெரிக்கப் பாஸ்போர்ட். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட், கிரீன் கார்டு.

பேக்கர்ஸ் வர்றதுக்குள்ள முடிவு பண்ண வேண்டியது நிறைய இருக்கு. 110 வோல்ட் மிக்ஸி, 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர், ரைஸ் குக்கர் எல்லாத்துக்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினா போதும்னு யூனிட்ல சொல்றாங்க, சரியா? எஸ்யூவியை கப்பல்ல அனுப்பலாமா? பேஸ் வீடா, கிராமத்து வாடகை வீடா? என் கிரீன் கார்டு மூணு வருஷம் வெளியில இருந்தா என்ன ஆகும்? லீவுக்கு ஐரோப்பா போக எனக்கு என்னென்ன வேணும்?

---

கம்பிமத்தாப்பு பதில்:

ஒரே டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்துக்கும் போதாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸை எந்த டிரான்ஸ்ஃபார்மரும் மாற்றாது. உங்க கிரைண்டருக்கு எமன் அதுதான்.

மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். அதுக்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலையில்லை. 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்க. ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்ட் அதிகம், அதனால்தான் இரண்டு மடங்கு.

கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டாரை 50-ல் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறையும். அது மட்டும் என்றால் மாவு அரைபட கொஞ்சம் கூட நேரம் ஆகும், அவ்வளவுதான். பிரச்சினை என்னன்னா, அதே 110 வோல்ட்டில் ஹெர்ட்ஸ் குறைந்தால் மோட்டாரின் இரும்பு உட்கரு தாங்காமல் கரண்டை அதிகமாக இழுக்கும். 50 ஹெர்ட்ஸில் அதுக்கு ஏற்ற வோல்டேஜ் சுமார் 92. முக்கால் மணி நேரம் உளுந்து ஓட விட்டால் அடியில் கை வைக்க முடியாத சூடு, பிறகு வார்னிஷ் வாசனை. அதை அங்கேயே வித்துடுங்க. ஊரிலிருந்து வாங்கும் 230 வோல்ட் கிரைண்டர் இங்கிலாந்தில் நேரா ஓடும். பிளக்கை மட்டும் மாத்தணும்.

ரைஸ் குக்கர், டோஸ்டர், அயர்ன் பாக்ஸ், காபி மேக்கர், ஹேர் டிரையர்: சூடாக்கும் எதையும் எடுத்துப் போகாதீங்க. ஒவ்வொன்றுக்கும் 1500, 2000 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதன் விலைக்குப் புதுசே வாங்கலாம். மைக்ரோவேவும் வேண்டாம், கிரைண்டர் கதைதான். லேப்டாப், போன் சார்ஜரில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தால் வெறும் பிளக் அடாப்டர் போதும். அடாப்டர் வோல்டேஜை மாற்றாது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்க. 120 வோல்ட் ஹீட்டர் காயிலை 230-ல் சொருகினால் சூடு சுமார் 3.7 மடங்கு.

டிரான்ஸ்ஃபார்மரைக் கார்ப்பெட் மேல் வைக்காதீங்க. வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைச்சிடுங்க, சும்மா இருந்தாலும் கரண்ட் குடிக்கும், முனகிக்கிட்டே இருக்கும்.

---

ஏரோட்டி பதில்:

கம்பிமத்தாப்பு விட்ட ஒண்ணு: அமெரிக்க சர்ஜ் புரொடெக்டர் பவர் ஸ்ட்ரிப். அதை அடாப்டர் போட்டு 230-ல் சொருகினா உள்ளே இருக்கிற பாதுகாப்புப் பாகமே புகைஞ்சு தீப்பிடிக்கும். புதுசா வர்றவங்க வீட்டில் முதல் வாரம் நடக்கிற விபத்து இது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னாடி போடணும்னா சர்ஜ் இல்லாத சாதா ஸ்ட்ரிப் மட்டும்.

கார் விஷயம். எஸ்யூவியை விட்டுட்டுப் போங்க என்பதுதான் என் கட்சி. அனுப்பினா ஹெட்லைட் ஒளி இடப்பக்கம் சரியற மாதிரி மாத்தணும், பின்னாடி சிவப்பு ஃபாக் லைட் பொருத்தணும். கார் பார்க் கட்டத்தின் வழக்கமான அளவு 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர். பெரிய அமெரிக்க வண்டி அதுக்குள்ள நிக்காது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தா, ஒற்றைப் பாதையில பீட்ரூட் லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு எதிரே வர்ற வண்டி தெரியாம திணறணும். அந்தப் பக்கம் சர்க்கரை பீட் விளைச்சல் அதிகம், இலையுதிர் காலம் தொடங்கினா ஏ1065 முழுக்க டிராக்டரும் லாரியும்தான். போதாக்குறைக்கு பிராண்டன் ரயில்வே கேட்.

பேஸ்லயே போஸ்டிங் முடிஞ்சு போறவங்க வலப்பக்க ஸ்டியரிங் கார் விற்பாங்க. நம்பர் பிளேட்டை அரசு இணையதளத்துல போட்டா அந்தக் காரோட எம்.ஓ.டி. (MOT) என்கிற வண்டித் தகுதிச் சோதனை வரலாறு இலவசமா வரும். 3 வருஷம் ஆன காருக்கு வருஷா வருஷம் அந்தச் சோதனை கட்டாயம். பாஸா ஃபெயிலான்னு மட்டும் பார்க்காம, 'அட்வைசரி'ன்னு எழுதின வரிகளைப் படிங்க. பிரேக் பைப் துருன்னு ரெண்டு வருஷம் தொடர்ந்து எழுதியிருந்தா அந்தச் செலவு உங்க தலையில. மைலேஜ் கணக்கும் அதுலயே தெரியும்.

பிள்ளைகளோட கார் சீட்டை விமானத்துக்கு வேணா வெச்சுக்கோங்க. பிரிட்டன்ல ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை உள்ள சீட்தான் சட்டப்படி செல்லும், அமெரிக்க சீட்டில் அது இருக்காது. 12 வயசு, இல்லேன்னா 135 செ.மீ. உயரம், எது முதல்ல வருதோ அதுவரைக்கும் சீட் வேணும். உங்க 8 வயசுப் பொண்ணுக்கும் சேர்த்துத்தான்.

கேலன் கணக்கிலயும் ஏமாறாதீங்க. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785. அங்கே விளம்பரத்துல 48 மைல் கொடுக்கும்னு போட்டா நம்ம கணக்குக்கு 40.

---

கோலமாவு பதில்:

வீடு பற்றி நான் சொல்கிறேன். பேஸ் வீட்டின் வசதி வசதிதான், மறுக்கவில்லை. வெளியில் எடுப்பதானால், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஹவுசிங் ஆபீஸில் காட்டி, ஆர்டர் வந்தால் சீக்கிரம் காலி செய்யலாம் என்ற மிலிட்டரி ஷரத்து இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இங்கிலாந்துச் சட்டப்படி (2019 முதல்) ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் அட்வான்ஸ் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்காரர் அதை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு ரசீது தர வேண்டும்.

கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வீட்டு வரி நீங்கள் கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டுப் படையினர் குடியிருக்கும் வீட்டுக்கு 'கிளாஸ் பி' (Class P) என்ற விலக்கு உண்டு. ஆனால் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். லேக்கன்ஹீத், மில்டன்ஹால், பிராண்டன் எல்லாம் வெஸ்ட் சஃபக் கவுன்சில். தெட்ஃபோர்டு போனால் பிரெக்லண்ட், ஈலி என்றால் ஈஸ்ட் கேம்பிரிட்ஜ்ஷயர். தவறான கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டு, பில் வருகிறதே என்று திகைக்காதீர்கள்.

கிராமங்களில் பல வீடுகளுக்குக் குழாய் கேஸ் கிடையாது. தோட்டத்தில் ஒரு பச்சை டேங்க், அதில் மண்ணெண்ணெய். அதுதான் ஹீட்டருக்கும் வெந்நீருக்கும். குறைந்தபட்ச ஆர்டர் பெரும்பாலும் 500 லிட்டர். குளிர் ஏறிய பிறகு லாரி வர நாளாகும், ஆகவே கால் டேங்க் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். முழுக்கத் தீர விட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். எண்ணெய் நிரப்பிய பிறகும் பாய்லர் பற்றாது, ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாலும் பயனில்லை. மெக்கானிக் வந்து காற்றை வெளியேற்றித்தான் ஓட வைக்க வேண்டும். அடியில் படிந்த கசடும் உறிஞ்சப்பட்டு ஃபில்டரை அடைக்கும். குடிபுகும் நாளன்று டேங்கில் எவ்வளவு இருந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள், காலி செய்யும்போது இதில்தான் சண்டை வரும்.

பாய்லரின் பிரஷர் முள் குளிர்ந்த நிலையில் 1-க்கும் 1.5 பாருக்கும் இடையில் இருக்க வேண்டும்.

கட்டில்: அமெரிக்க கிங் 76 அங்குலம் அகலம், பிரிட்டிஷ் கிங் 60 அங்குலம். பெயரைப் பார்த்து பெட்ஷீட் வாங்கிவிடாதீர்கள், உங்கள் குவீன் மெத்தைக்குத்தான் அவர்கள் கிங் ஷீட் ஏறக்குறைய பொருந்தும். மெத்தைக்கு அடியில் வைக்கும் பாக்ஸ் ஸ்பிரிங் ஒரே துண்டாக இருந்தால் பழைய வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் ஏறாது. சுவர் அலமாரியும் பல வீடுகளில் இருக்காது. ஃபர்னிஷிங்ஸ் ஆபீஸில் வார்ட்ரோப், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்னென்ன இரவலாகக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு பேக்கிங் பட்டியலை எழுதுங்கள்.

ஈரம் இன்னொரு தொல்லை. துணியை ரேடியேட்டரில் போட்டுக் காயவைத்து ஜன்னலையும் சாத்தினால் ஒரே குளிர்காலத்தில் மூலைகளில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், அட்வான்ஸிலிருந்து பிடிப்பார்கள். டீஹ்யூமிடிஃபையர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

---

தேன்மிட்டாய்:

அருமை, மூணு பேருக்கும் நன்றி. கிரைண்டரை இன்னைக்கே விற்பனைக்குப் போட்டுட்டேன். அம்மாகிட்ட 230 வோல்ட் மிக்ஸியும் இருக்கு, அதுக்கு பிளக் மாத்தறதைக் கொஞ்சம் சொல்லுங்களேன். பாஸ்போர்ட் பற்றி யாராவது?

---

கம்பிமத்தாப்பு:

மூணு தட்டைக் கால் உள்ள பிரிட்டிஷ் பிளக் வாங்குங்க. திறந்து உங்களைப் பார்க்க வெச்சா மேலே இருப்பது எர்த்: பச்சை-மஞ்சள் வயர். வலப்பக்கம், ஃபியூஸ் இருக்கும் கால், லைவ்: பிரவுன். இடப்பக்கம் நியூட்ரல்: நீலம். பழைய இந்திய வயரானால் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பிளக்கோட வர்றது 13 ஆம்பியர் ஃபியூஸ், அதை எடுத்துட்டு 750 வாட் மிக்ஸிக்கு 5 ஆம்பியர் போடுங்க. வயரை இறுக்கும் கிளிப் வெளித்தோலைப் பிடிக்கணும், உள் வயர்களை இல்லை.

---

வெள்ளைப்புறா பதில்:

தோழி, முதலில் கிரீன் கார்டு. ஆர்டரில் உங்க பெயர் இருந்து கணவரோட வெளிநாட்டில் வசிச்சா, ஒரு வருஷத்துக்கு மேல ஆனாலும் கார்டு கைவிட்டதாகாது. ஒரு நிபந்தனை: போஸ்டிங் முடிஞ்சு திரும்பும்போது அவருக்கு முன்னாடியோ, கூடவோ, இல்லேன்னா அவருக்குப் பின் நான்கு மாசத்துக்குள்ளயோ நீங்க அமெரிக்கா வந்து சேரணும். ஆர்டர் நகலைக் கைப்பையிலேயே வெச்சிருங்க.

ஆனா அதை விட நல்ல வழி இருக்கு. அமெரிக்கக் குடியுரிமைச் சட்டம் 319(b) பிரிவுப்படி, அரசுப் பணியில் வெளிநாடு போற குடிமகனோட மனைவிக்கு வழக்கமான மூணு வருஷக் காத்திருப்பே கிடையாது. யூனிட்ல டிடி-1278 (DD-1278) படிவம் வாங்கி என்-400 விண்ணப்பத்தோட வைக்கணும். நேர்காணலும் உறுதிமொழியும் அமெரிக்க மண்ணில் நடக்கணும். அதுக்கு நாள் இல்லேன்னா 319(e): கணவரோட வெளிநாட்டில் இருக்கிற காலம் அமெரிக்காவில் வசிச்ச காலமாவே எண்ணப்படும், நேர்காணலை வெளிநாட்டிலேயே முடிக்கவும் வழி உண்டு. பேஸ் லீகல் ஆபீஸ்ல இந்த ரெண்டு பிரிவையும் பேர் சொல்லிக் கேளுங்க. குடியுரிமை வாங்கினதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைச்சு ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர் அட்டை) எடுக்கணும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

அதுவரைக்கும் பாரிஸ் போகணும்னா உங்களுக்கு மட்டும் ஷெங்கன் விசா. கிரீன் கார்டு உதவாது. அயர்லாந்துக்குத் தனி விசா. பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டப்ளினுக்குக் கார்ல போனா எல்லையில பெரும்பாலும் யாரும் நிறுத்த மாட்டாங்க, ஆனா விசா இல்லாம போறது சட்டமீறல்தான்.

பிள்ளைகளுக்கு ரெண்டு பாஸ்போர்ட் வேணும். படை கொடுக்கிற கட்டணமில்லாப் பாஸ்போர்ட் பணிப் பயணத்துக்கு மட்டும், சுற்றுலாவுக்குத் தனியா சாதா பாஸ்போர்ட். ஐரோப்பா டிரிப்ல ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க: அங்கே நுழைய சாதா பாஸ்போர்ட், பிரிட்டன் திரும்பும்போது பிரிட்டிஷ் அனுமதி இருக்கிற பாஸ்போர்ட்.

நாய்க்கு வரிசை முக்கியம். 15 இலக்க மைக்ரோசிப் முதல்ல, அப்புறம்தான் ரேபிஸ் ஊசி, பிறகு 21 நாள் காத்திருப்பு. ஊசிக்கு அப்புறம் சிப் போட்டா ஊசி செல்லாது, மறுபடி முதல்லேர்ந்து. நாடாப்புழு மாத்திரையை பிரிட்டனில் இறங்கறதுக்கு 24 மணியிலிருந்து 120 மணி நேரம் முன்னாடி டாக்டர் கொடுத்து, நேரத்தோட எழுதணும். விமானத்துல நாய் கேபின்ல வராது, சரக்காத்தான் வரும். லாப்ரடாருக்குத் தடை இல்லை. எக்ஸ்.எல். புல்லி வகை இருக்கிறவங்க 2024 பிப்ரவரி 1-லிருந்து விலக்குச் சான்று இல்லாம இங்கிலாந்துல வெச்சிருக்க முடியாது.

---

ஏரோட்டி:

ஸ்கூல் பத்தி ஒரு வரி. பேஸ் அமெரிக்கப் பள்ளியா இருந்தா இது இல்லை. ஊர்ப் பள்ளியில சேர்த்தா, டிக்கெட் மலிவா இருக்குன்னு நடுவில ஒரு வாரம் ஸ்பெயின் போகாதீங்க. பத்து வாரத்துக்குள்ள ஐந்து நாள் அனுமதியில்லா லீவு ஆனா அபராதம் பரிசீலிப்பாங்க: ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்டு, 21 நாளுக்குள்ள கட்டலேன்னா 160. பையனுக்கு இன்னும் கட்டாயப் பள்ளி வயசு ஆகலை, அதனால உங்க வீட்டுக் கணக்குக்குப் பொண்ணுக்கு மட்டும், பெற்றோர் ரெண்டு பேருக்கும் சேர்த்து 160. பொண்ணுக்கு ஆகஸ்ட் 31-க்குள்ள 8 முடிஞ்சிருந்தா இயர் 4, அதாவது அமெரிக்கக் கணக்குக்கு மூணாம் கிரேடு.

மளிகைக்கு கேம்பிரிட்ஜ் மில் ரோடு பக்கம். உளுந்து, இட்லி அரிசி, முருங்கைக்காய்னா லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்துக்கே போயிடுங்க, மகாலட்சுமி கோயில் அதே தெருவுல, முருகன் கோயிலும் பக்கத்துல. அங்கே மத்திய லண்டனோட கன்ஜெஷன் சார்ஜ் (நெரிசல் கட்டணம்) கிடையாது, ஆனா யூலெஸ் (ULEZ) என்கிற புகை மாசுக் கட்டணம் உண்டு. பழைய டீசல் காரானா ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. கார் வாங்குறதுக்கு முன்னாடியே நம்பரைப் போட்டுப் பார்த்துடுங்க. பிரான்ஸுக்குக் கப்பல் ஏறுற டோவருக்குப் போக டார்ட்ஃபோர்டு கிராசிங் தாண்டினா அங்கே டோல் பூத் இருக்காது. மறுநாள் நள்ளிரவுக்குள்ள ஆன்லைன்ல கட்டணும்.

பேஸுக்குப் பக்கத்துலயே எல்வெடன் சர்ச் இருக்கு. பஞ்சாப் மகாராஜா துலீப் சிங் 1863-ல அந்த எஸ்டேட்டை வாங்கினவர், அவர் சமாதி அங்கேதான். தாத்தா பாட்டி வந்தா கூட்டிட்டுப் போக நல்ல இடம். அவங்க இந்தியப் பாஸ்போர்ட்னா பிரிட்டிஷ் விசிட்டர் விசா எடுத்துத்தான் வரணும், கமிசரியில (பேஸ் மளிகைக் கடை) அவங்க பொருள் வாங்க முடியாது.

கடைசியா, சாவிக்கொத்துல பெப்பர் ஸ்ப்ரே தொங்கினா டெக்சாஸ்லயே கழட்டிடுங்க. பிரிட்டன்ல அது தடை செய்யப்பட்ட துப்பாக்கி வகையில சேர்த்தி. லாக் ஆகிற மடக்குக் கத்தியையும் பையில வெச்சுக்கிட்டு வெளியில போகக் கூடாது.