வீசிங் இழுப்புக்கு மக்னீசியம் ஏற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

காட்பாடியிலிருந்து:
போகி விடியற்காலை. எங்கள் தெருவில் கிழிந்த பாயோடு இரண்டு டயரையும் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். அம்மாவுக்கு வீசிங் பழசு. புகை வீட்டுக்குள் வந்த அரை மணியில் இழுப்பு தொடங்கிவிட்டது. பஃப் (இன்ஹேலர்) அடிக்க அடிக்க அடங்கவில்லை. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு நின்று நின்று வந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம்.

ஆக்சிஜன் வைத்தார்கள், அடுத்தடுத்து நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி. அப்படியும் தோள் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. அப்போதுதான் டாக்டர், "மக்னீசியம் சல்பேட் 2 கிராம், 20 நிமிஷத்துல ஏத்துங்க" என்றார். ட்ரிப்ஸ் பாதி இறங்கும்போது அம்மா, "அடுப்பு முன்னாடி உக்காந்த மாதிரி உடம்பு சுடுதுடா" என்றார். சிஸ்டர் பதறவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு பிபியை மறுபடி மறுபடி பார்த்தார், இந்த மருந்தில் அது இறங்கலாமாம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "பால் பாக்கெட்டை வெளியிலேயே விட்டுட்டு வந்துட்டோமே" என்று முழுசாக ஒரு வரி பேசினார். எனக்கு உயிர் வந்தது.

மக்னீசியம் மட்டுமே காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். ஸ்டீராய்டு வேலை காட்டவே சில மணி நேரம் ஆகும், அதுவும் பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கும். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்குவதற்குக் கால்சியம் செல்லுக்குள் போக வேண்டும், மக்னீசியம் அதை வழிமறிக்கிறது, தசை தளர்கிறது என்றார் டாக்டர். முதலிலேயே ஏன் போடவில்லை என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் நெபுலைசரிலேயே சரியாகிவிடுவார்களாம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், பிரிட்டனில் 1,109 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில் பெரியவர்களுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014 காக்ரேன் அலசலோ, நரம்பில் ஏற்றினால் அட்மிஷன் ஓரளவு குறைகிறது என்கிறது.

குடியாத்தத்திலிருந்து:
அண்ணா, அது எங்களுக்கு 'பிட்ஸ் ஊசி'! தலைப்பிரசவத்தில் பிபி ஏறி வலிப்பு வந்தபோது எனக்குப் போட்டது இதேதான். அந்தச் சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு டோசுக்கு முன்னாலும் முட்டியில் சுத்தியலால் தட்டுவார்கள். கால் துள்ளவில்லை என்றால் மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அடுத்த டோஸ் கிடையாது.

ராணிப்பேட்டையிலிருந்து:
நான் செய்த கூத்தையும் எழுதிவிடுகிறேன். தோல் ஷாப்பில் வேலை, வீசிங் உண்டு. மக்னீசியம் மாத்திரை போட்டால் பஃப்பே வேண்டாம் என்று ஒரு வீடியோ. நம்பி, தினம் இரண்டு வேளை எடுக்கும் பஃப்பை நிறுத்தினேன். முதலில் வயிறு போனது, மூன்றாவது வாரம் மூச்சும் போகப் பார்த்தது. "மாத்திரை உன் குடலைத்தான் தளர்த்தியிருக்கு" என்றார் டாக்டர். நரம்பில் ஏற்றுவது வேறு, விழுங்குவது வேறாம். கிட்னி பழுதானவர்களுக்கு மக்னீசியம் வெளியேறாமல் தேங்கிவிடும் என்று கிட்னிக்கான கிரியாட்டினின் ரத்த டெஸ்டும் பார்க்கச் சொன்னார். மக்னீசியம் உள்ள கேழ்வரகுக் களியும் வேர்க்கடலையும் தின்கிற ஊரில் மாத்திரைக்கு ஏன் காசு செலவழித்தேனோ!

காட்பாடியிலிருந்து:
நல்லவேளை சொன்னீர்கள். அம்மாவும், "அந்தச் சூட்டு மருந்தை மாத்திரையா வாங்கிக் குடுடா" என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பஃப்பில் மாட்டி மருந்தை இழுக்கிற குழாயான ஸ்பேசர்தான் வாங்கிக் கொடுத்தேன். தினமும் பஃப் எடுக்கிறார், ஸ்பேசரைக் கழுவி டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்து வைக்கிறார். நேற்று அதில் யாரோ மோர் ஊற்றப் போய் பெரிய சண்டை.