மறு: பொழுதுபோக்கு மீன்வள மேம்பாடு: கண்காணிப்பா, மேற்பார்வையா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பொழுதுபோக்கு மீன்பிடியை மேம்படுத்த அரசு செய்யும் வேலைகளைப் பார்த்துச் சொல்வதற்கு, நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில்.

> "தூண்டில் மீன்பிடி மேம்பாட்டு அரசுக் கண்காணிப்பு" என்று வைத்துவிட்டால் என்ன?

வேண்டாம் ஐயா. முதலில் தூண்டிலை எடுத்துவிடுவோம். குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலில் சுறாவைத் தூண்டில் போட்டுத்தான் பிடிக்கிறார்கள். அது அவர்களுக்குப் பிழைப்பு. நாம் பெயர் தேடுவது, பிடித்த மீனை விற்காமல், அதை நம்பி வாழாமல், ஆசைக்குப் பிடிக்கும் வேலைக்கு. கருவியை வைத்துப் பெயரிட்டால் இரண்டும் கலந்துபோகும். "பொழுதுபோக்கு மீன்பிடி" கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

அடுத்தது "மீன்பிடி மேம்பாடு". இதைக் கேட்டால் நமக்குத் துறைமுகம், ஐஸ் ஆலை, படகு மானியம் எல்லாம் நினைவுக்கு வரும். இந்தப் பேச்சுக்கே காரணமான அமெரிக்க ஆணை சொல்வது வேறு. 1995 ஜூன் 7 அன்று கிளிண்டன் கையெழுத்திட்ட 12962-ஆம் நிர்வாக ஆணை, ஆறு, ஏரி, கடல் ஆகிய நீர்ச்சூழலைக் காத்து, கெட்டதைச் சீராக்கி, அதன் வழியாக மீன்பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டச் சொல்கிறது. மேம்படுவது தண்ணீரும் மீனும். ஆகவே "பொழுதுபோக்கு மீன்வள மேம்பாடு" என்பதே சரி.

இனி "அரசுக் கண்காணிப்பு". எனக்குப் பெரிய சிக்கல் இங்கேதான். தமிழில் இதைப் படிப்பவர், ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரை அரசு கேமரா வைத்துப் பார்க்கிறது என்றுதான் நினைப்பார். (இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கூலிகளை அதட்டி வேலை வாங்கியவர் பெயரே "கண்காணி" என்பதையும் மறக்க வேண்டாம்.) ஆனால் அந்த ஆணையில் பார்க்கப்படுவதே அரசுதான். உள்துறை (அங்கே அது நிலம், வனவிலங்கு போன்றவற்றைப் பார்க்கும் துறை), வணிகம், வேளாண்மை, எரிசக்தி, போக்குவரத்து, பாதுகாப்பு ஆகிய ஆறு துறைகளும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சேர்ந்த ஒருங்கிணைப்பு மன்றம் திட்டம் போட வேண்டும். அரசுத் துறைகள் செய்வதால் நீருக்கும் மீனுக்கும் என்ன ஆகிறது என்று பார்ப்பதோ, விளையாட்டு மீன்பிடி மற்றும் படகோட்டக் கூட்டாண்மை மன்றம் என்ற ஆலோசனைக் குழு. அதில் தொழில்துறையினரும் மீன்பிடி ஆர்வலர்களும் உண்டு. அதற்குக் கட்டளை போடும் அதிகாரம் இல்லை, சொல்ல மட்டும்தான் முடியும்.

> அப்படியென்றால் "மேற்பார்வை"யும் பொருந்தாதே? மேஸ்திரி செய்வதுதானே மேற்பார்வை? "மேலாய்வு" என்று புதிதாக ஆக்கலாம்.

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. ஆனால் "மேலாய்வு" என்றால் "இன்னும் ஆராய்ச்சி தேவை" என்றுதான் காதில் விழும். இலங்கை நாடாளுமன்றத்தில் "துறைசார் மேற்பார்வைக் குழு" என்று ஏற்கெனவே வழங்குகிறார்கள். அந்தக் குழுக்களும் அமைச்சுகளைக் கேள்வி கேட்பவைதானே தவிர நடத்துபவை அல்ல. புழக்கத்தில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு இன்னொன்றை ஏன் தேட வேண்டும்? "அரசு"க்குப் பதில் "அரசுப்பணி" என்று போட்டால் யாரை யார் பார்க்கிறார் என்பதும் தெளிவாகிவிடும்: "பொழுதுபோக்கு மீன்வள மேம்பாட்டு அரசுப்பணி மேற்பார்வை". அழகாக இல்லைதான், சரி.

பணக் கணக்கைப் பார்ப்பதை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதற்குத் "தணிக்கை" இருக்கிறது. அமெரிக்காவில் 1950-இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, தூண்டில் கழி, உருளை போன்றவற்றின் உற்பத்தியாளர் கட்டும் வரி மாநிலங்களுக்குப் போகிறது. ஏற்கப்பட்ட திட்டச் செலவில் 75 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். உள்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மாநிலங்களின் கணக்கைத் தணிக்கை செய்கிறது. மத்திய அரசே ஒழுங்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. நிர்வாகச் செலவு என்ற பெயரில் பணம் கட்டுப்பாடில்லாமல் போவதை நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பு எடுத்துக்காட்டியது. அதன்பின் 2000-இல் எந்தெந்த நிர்வாகச் செலவுக்கு அந்தப் பணத்தைத் தொடலாம் என்று சட்டமே வரையறுத்தது.

இதே சட்டத்தில் இன்னொரு சொல் பாக்கி. மீன்பிடி உரிமக் கட்டணத்தை மாநிலம் வேறு வேலைக்குத் திருப்பினால் மத்திய நிதி நின்றுபோகும். அந்தத் திருப்புதலுக்கு "திசைதிருப்பல்" என்று நம் பட்டியலில் இருக்கிறது. அது கவனத்துக்குத்தான் பொருந்தும். நிதிக்கு நம்மிடம் "மடைமாற்றம்" இருக்கிறதே, அதையே போட்டுவிடலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.