டெர்மினல் வேகத்த எப்படிங்க அளக்குறது? கேட் கமாண்ட் ஒண்ணு சொல்லுது, விரல் ஒண்ணு சொல்லுது

கேள்வி:
ரெண்டு டெர்மினல் (கமாண்ட் டைப் பண்ற விண்டோ) வெச்சிருக்கேன், ஒண்ணு பழசு, ஒண்ணு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) வெச்சு வரையுறது. 500 எம்பி லாக் ஃபைல டைம் போட்டு கேட் (ஃபைல அப்படியே திரையில கொட்டுற கமாண்ட்) பண்ணா புதுசு பாதி நேரத்துல முடிச்சிருது, ஆனா விம்ங்கிற எடிட்டர்ல டைப் பண்ணா பழசுல தான் எழுத்து டக்குனு விழுது. எனக்கு தான் அப்படி தோணுதா, இல்ல நான் அளக்குறதே தப்பா?

பதில் 1:
ரெண்டும் வேற வேற விஷயம்ங்க. கேட் டெஸ்ட்ல தெரியுறது டெர்மினல் பிடிஒய்ல (புரோகிராமையும் டெர்மினலையும் இணைக்குற குழாய் மாதிரி) இருந்து எவ்ளோ வேகமா பைட்ட உறிஞ்சுதுன்னு மட்டும் தான். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட், அதுக்குள்ள ஆயிரக்கணக்குல வரி ஓடிரும், அதுல பெரும்பாலானத வரையவே மாட்டான், கடைசியா நிக்குறத தான் வரைவான். நீங்க டைப் பண்றப்ப உணர்றது லேட்டன்சி, அதாவது கீய தட்டுனதுல இருந்து எழுத்து திரையில விழுற வரைக்கும் ஆகுற தாமதம். கிட்டின்னு ஒரு ஜிபியு டெர்மினல எடுத்துக்கோங்க, பைட் வந்ததும் இன்னும் வருதான்னு 3 மில்லிசெகண்ட் காத்திருந்து சேத்து வாங்கும், அது போக திரைய திரும்ப வரையறதுக்கு 10 மில்லிசெகண்ட் இடைவெளி விடும், டீஃபால்ட்டே அது தான். மாத்திக்கலாம், சிபியு கொஞ்சம் கூட தின்னும்.

பதில் 2:
கேட் முடிஞ்சிருச்சுன்னா டெர்மினல் முடிச்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல, கடைசி பைட்டெல்லாம் கர்னல் பஃபர்லயே கெடக்கும். ஃபைல் சின்னதா இருந்தா இதுலயே நம்பர் கெட்டுரும். கடைசில கர்சர் எங்க இருக்குன்னு எஸ்கேப் சீக்வென்ஸ்ல (டெர்மினலுக்கே அனுப்புற கட்டளைக் குறி) கேட்டு, பதில் வந்தப்புறம் கடிகாரத்த நிறுத்துங்க. மொத ரன்ன தூக்கிப் போடுங்க, அது டிஸ்க் வேகம். விண்டோ சைஸ், ஃபான்ட் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். டிமக்ஸ் (ஒரே டெர்மினல பல திரையா பிரிக்குற புரோகிராம், நடுவுல உக்காந்துக்கும்) உள்ள ஓட்டுனீங்கன்னா நீங்க அளந்தது டிமக்ஸ தான் 😄

பதில் 3:
அலாக்ரிட்டிங்கிற டெர்மினல எழுதுன ஆளுங்களோட விடிஇபென்ச்ங்கிற டெஸ்ட்டும் அதே பிடிஒய் ரீட் தான் அளக்குது, லேட்டன்சிய தொடாது. லேட்டன்சிக்கு டைப்போமீட்டர்னு ஒரு டூல் இருக்கு, ஆனா கீபோர்ட், மானிட்டர் தாமதம் அதுல சேராது. எனக்கு புடிச்சது ஃபோன் ஸ்லோமோ, 240 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேம் 4 மில்லிசெகண்ட் சொச்சம், விரலும் திரையும் ஒண்ணா தெரியுற மாதிரி வெச்சு 20 தடவ தட்டி ஃப்ரேம எண்ணுங்க. விம்ல வேண்டாம், பிளகின் தொல்ல, சும்மா ஷெல்லுல பண்ணுங்க.

கேள்வி கேட்டவர்:
பதில் 2 கண்ணுல பட்டதும் போய் பாத்தேன், பழசுல மட்டும் திறந்ததும் டிமக்ஸ் ஏறுற மாதிரி எப்பவோ நானே எழுதி வெச்சிருக்கேன், அத எடுத்துட்டு ஓட்டுனா கேட் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணு தான்! டைப்பிங்ல இன்னும் பழசு தான் முன்னாடி, வீடியோல 10, 11 ஃப்ரேம் வருது, புதுசுல 15, 16. விசிங்க் (மானிட்டர் அடுத்த ஃப்ரேம் காட்டுற வரைக்கும் காத்திருந்து வரையுற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு திரும்ப எண்ணிட்டு இருக்கேன், கண்ணு தான் வலிக்குது.