ஓஎஸ்எம்சி-யிலிருந்து லிப்ரெஎலெக்: ராஸ்பெர்ரி பை 4-ல் மாறினவங்க அனுபவம் சொல்லுங்க

சுருள்நாடா:
ஓஎஸ்எம்சி, லிப்ரெஎலெக் ரெண்டும் பை 4 மாதிரி குட்டிக் கம்ப்யூட்டரை டிவிக்கான மீடியா ப்ளேயராக்கும் சிஸ்டங்கள். மெமரி கார்டில் லிப்ரெஎலெக்கை எழுதுவது பத்து நிமிட வேலை. இழுத்தடிப்பது லைப்ரரிதான் (படப் பட்டியலும், எதைப் பார்த்தோம் என்ற குறிப்பும்). ரெண்டிலும் ஓடுவது கோடி என்ற ப்ளேயர் என்பதால் டேட்டாபேஸை அப்படியே காப்பி பண்ணிவிடலாம் என்று தோன்றும். ஆனால் யுஎஸ்பி டிஸ்க்கை ஓஎஸ்எம்சி 'மீடியா' ஃபோல்டரில் மவுண்ட் பண்ணும் (இணைக்கும்). லிப்ரெஎலெக்கோ 'வார்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'மீடியா'வில். போஸ்டரெல்லாம் ஜம்மென்று வரும். ப்ளே அமுக்கினால், பாதை மாறியிருப்பதால் "ஃபைல் இல்லை, லைப்ரரியிலிருந்து நீக்கவா?" என்று கேட்கும். ஆமாம் கொடுத்தால் படத்தோடு அதன் வாட்ச்டு டிக்கும் போச்சு. இந்த நிலையில் 'க்ளீன் லைப்ரரி' (காணாத ஃபைல்களை லைப்ரரியிலிருந்து மொத்தமாக நீக்குவது) பக்கமே போகக்கூடாது.

சுத்தமான வழி: பழைய சிஸ்டத்திலேயே செட்டிங்ஸ், மீடியா, லைப்ரரி போய் எக்ஸ்போர்ட் கொடுத்து 'செபரேட் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுங்க. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அதன் விவரங்கள் அடங்கிய ஒரு என்எஃப்ஓ ஃபைல் விழும் (டிஸ்க்கில் எழுத அனுமதி இருக்கணும்). புது சிஸ்டத்தில் முதல் ஸ்கேனுக்கு முன்னாடியே அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் ஃபைலில், வீடியோ லைப்ரரி பகுதியில், இம்போர்ட் வாட்ச்டு ஸ்டேட், இம்போர்ட் ரெஸ்யூம் பாயின்ட் (பாதியில் விட்ட இடம்) ரெண்டையும் 'ட்ரூ' ஆக்கி ரீபூட் பண்ணுங்க. வாட்ச்டு ஸ்டேட் ஆஃப் ஆக இருந்தால் பார்த்த படமெல்லாம் பார்க்காததாகவே ஏறும்.

டிஸ்க்குக்கு லேபிள் வைத்துவிடுங்க. இல்லையென்றால் நீளமான ஐடிதான் பாதையில் வரும்.

மின்னல்_ஐகான்:
நாஸிலிருந்து (நெட்வொர்க்கில் இருக்கும் டிஸ்க் பெட்டி) எஸ்எம்பி (நெட்வொர்க் ஷேர்) முகவரியில் நேரடியாகச் சேர்த்த சோர்ஸ் என்றால் இந்தத் தலைவலி இல்லை, பாதை மாறாது. சோர்ஸஸ், பாஸ்வேர்ட்ஸ் எக்ஸ்எம்எல், வீடியோ டேட்டாபேஸ் மூன்றும் போதும். கோடியை நிறுத்திவிட்டுக் காப்பி பண்ணுங்க, ஓடும்போது வேண்டாம். கோடி 20-ன் டேட்டாபேஸைக் கோடி 21 தானே மாற்றிக்கொள்ளும்; புதுசிலிருந்து பழசுக்குப் போனால் கண்டுகொள்ளாது, காலி லைப்ரரிதான்.

கோடியின் அமைப்புகள் இருக்கும் ஜியுஐ செட்டிங்ஸ் ஃபைலைக் கொண்டுபோகாதீங்க. ஆடியோ டிவைஸ் பெயர் ஒத்துப்போகாமல் சத்தமே வராமல் போகலாம். ஆடான் (கோடியில் சேர்க்கும் கூடுதல் ப்ரோக்ராம்) ஃபோல்டரும் வேண்டாம்: லிப்ரெஎலெக் 12, பை 4-ல் 64 பிட். பழைய 32 பிட் பைனரி ஆடான்கள் ஓடாது, புதிதாகப் போடுங்க.

நாலுகே_நாகை:
4கே படம் 1080-லேயே ஓடுதே என்பவர்களுக்கு: மெனுவை 1080-லேயே விடுங்க, 4கே-யில் வைத்தால் பை 4 தள்ளாடும். செட்டிங்ஸ் லெவலை எக்ஸ்பர்ட் ஆக்கி, டிஸ்ப்ளேயில் வைட்லிஸ்ட் (கோடி மாறக்கூடிய திரை மோடுகளின் பட்டியல்) திறந்து 1080, 2160 மோடுகளை டிக் பண்ணுங்க. ப்ளேயர் செட்டிங்கில் 'அட்ஜஸ்ட் ரெஃப்ரெஷ் ரேட்'டை ஸ்டார்ட்/ஸ்டாப்பில் வையுங்க. 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் கான்ஃபிக் ஃபைலில் 4கேபி60 வரியைச் சேர்க்கணும். கேபிள் யுஎஸ்பி-சி பவருக்குப் பக்கத்து ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் இருக்கணும். கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினாலே அந்த ஃபைல் தெரியும்.

கொழுந்து:
தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால், நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டை டாட்-கோடி (.kodi) ஃபோல்டருக்குள் மீடியா, ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டு ரீஸ்டார்ட். பிறகு ப்ளேயர், சப்டைட்டில்ஸில் அதைத் தேர்ந்தெடுங்க.

சுருள்நாடா:
ஒன்று விட்டுப்போச்சு. ஓஎஸ்எம்சி அடியில் டெபியன் லினக்ஸ், ஆப்ட் (ப்ரோக்ராம் நிறுவும் கருவி) உண்டு. லிப்ரெஎலெக்கில் சிஸ்டம் படிக்க மட்டுமே. ஆப்ட் கிடையாது, ஆடானாகவோ டாக்கரிலோதான் (ப்ரோக்ராம்களைத் தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி) எதையும் ஓட்டணும். அதே பெட்டியில் டவுன்லோட், பை-ஹோல் (விளம்பரத் தடுப்பு) எல்லாம் ஓட்டுகிறவர்கள் மாறாமலே இருக்கலாம்.