ஸ்பானிஷ் கற்ற ஊரில் இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம்: சொல்லுங்க

தஞ்சை_பயணி
மெக்சிகோ சிட்டி, நார்வார்த்தே. மூணு மாசம் ஒரு வயசான அம்மா வீட்டு மாடியறை. காலையில வகுப்பு, அப்புறம் ஊர் சுத்தல். சிங்கத்தலை படம் போட்ட எத்தியோபியா ஸ்டேஷன்ல ஏறி கொயோவகான் போவேன், ஹமைக்கா பூ மார்க்கெட் போவேன். 1969-ல மெட்ரோ வந்ததிலேர்ந்தே ஸ்டேஷனுக்கு ஒரு படம் உண்டு. படிக்கத் தெரியாதவங்களும் படத்தைப் பார்த்து இறங்கலாம். தெருவுல பழைய இரும்பு வண்டி, ஒலிபெருக்கியில சின்னப் பெண் குரல்: மெத்தை, ஃப்ரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின் வாங்குறோம்னு. முழுசாப் புரிஞ்ச முதல் ஸ்பானிஷ் அதுதான். அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம்.

விஷயம் இதுதான். ரெண்டாவது வாரமே அந்த அம்மா "ஹாப்லாமே தே தூ"ன்னாங்க. என்னை 'தூ'ன்னே, அதாவது 'நீ'ன்னே பேசுன்னு. எனக்கு வாய் வரல. எங்க வீட்ல பாட்டியை 'நீங்க'தான். போதாததுக்கு அந்தச் சொல்லோட ஒலி நம்ம காதுக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். 'உஸ்தேத்'துலயே, அதாவது 'நீங்க'லயே நின்னுட்டேன். இன்னும் ரெண்டு தடவை கேட்டாங்க, அப்புறம் விட்டுட்டாங்க.

கிளம்புற அன்னைக்கு சூடா தமால், மக்காச்சோள மாவுல அவிச்ச பலகாரம், துணியில சுத்திக் கொடுத்தாங்க. மூணு மாசமும் வாசல்ல நின்னு "கே தே வாயா பியென்", நல்லபடியா போயிட்டு வான்னு சொன்னவங்க, அன்னைக்கு "கே லே வாயா பியென்"னாங்க. போயிட்டு வாங்க. 'தே' 'லே' ஆயிடுச்சு, ஒரு எழுத்து. டாக்ஸில தமாலைப் பிரிக்கவே முடியல.

மேசை_எண்_4
அதே ஊர்தான் நானும். தாக்கோ கடையில தனியா உட்கார்ந்து சாப்பிட்டுட்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருத்தர் கை கழுவிட்டுப் போறப்போ எங்க எல்லா மேசையையும் பார்த்து "ப்ரோவேச்சோ"ன்னார். நல்லா சாப்பிடுங்கன்னு. வந்து ஒரு வாரமா யாரோடயும் பேசாம இருந்தேன். கண்ணு கலங்கிடுச்சு.

தஞ்சை நண்பருக்கு: "லே வாயா பியென்" அங்கே கடைக்காரர் கூட சொல்ற வழக்கம். நீங்க அதிகமா யோசிக்கிறீங்க.

பொகோதா_மழை
மேல எழுதினவரோட நான் உடன்பட மாட்டன். மூண்டு மாசம் 'தே' எண்டு சொன்ன ஆள் தவறி 'லே' எண்டு சொல்லாது. ஆனா அது கோவம் எண்டும் நினைக்காதேங்கோ. நான் இருந்த கொலம்பியாவின்ர பொகோதாவில தாய் பிள்ளையோட, கூட்டாளி கூட்டாளியோட 'உஸ்தேத்' எண்டுதான் கதைப்பினம். அங்க அது தூரம் இல்லை, நெருக்கம். ஞாயிற்றுக்கிழமை றோட்டுகளை மறிச்சு சைக்கிளுக்கு விடுவினம். நானும் ஓடிக் களைச்சு ஒரு பேக்கரிக்குள்ள போனன். அங்க நிண்ட அம்மா "என்ன வேணும், சுமெர்சே?" எண்டு கேட்டா. தூவும் இல்லை, உஸ்தேத்தும் இல்லை, அன்பும் மரியாதையும் சேர்ந்த விளி. 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில நிக்கிற எங்கட யாழ்ப்பாணத்து 'நீர்' ஞாபகம் வந்திட்டுது. அம்மம்மா செத்தாப் பிறகு என்னை அப்பிடி ஆரும் கூப்பிட்டதில்லை.

நாஞ்சில்_மத்ரித்
பொகோதா வழக்கத்தை மெக்சிகோவுக்குப் போட்டு அளக்கக் கூடாது. ஊருக்கு ஊர் அளவுகோல் வேற.

என் கதை சின்னது. ஸ்பெயின்ல மத்ரித், லவாபியேஸ் பகுதி, வங்கதேசத்து அண்ணன் ஒருத்தர் பழக்கடை. எனக்கு வங்காளம் தெரியாது, ரெண்டு பேருக்கும் இந்தி வராது. ஊர்க் கதை, மழைக் கதை, மாம்பழக் கதை எல்லாம் ஸ்பானிஷ்லதான். அவர் தம்பி இறந்த சேதியையும் எனக்கு ஸ்பானிஷ்லதான் சொன்னார். ஆறுதல் சொல்ல அன்னைக்கு என்கிட்ட வார்த்தை போதல.

புதுசாப் படிக்கிறவங்களுக்கு: இங்கிலீஷ் வழியாப் படிக்காதீங்க. "மே குஸ்தா எல் கஃபே"யை 'ஐ லைக்'னு மாத்தினா குழம்பும். 'எனக்குக் காபி பிடிக்கும்', அதே அமைப்பு. "மே துவேலே லா கபேசா": எனக்குத் தலை வலிக்குது. காபியும் தலையும்தான் எழுவாய், நமக்கு நாலாம் வேற்றுமை. வாத்தியார் ரெண்டு வகுப்பு எடுத்ததை நம்ம தாய்மொழி ஒரு நிமிஷத்துல சொல்லிடும். அடுத்து ர, ற. 'பேரோ' ரகரத்தோட வந்தா 'ஆனால்', றகரம் உருண்டா நாய். எங்க ஊர்ப்பக்கம் கரியும் கறியும் இன்னும் வேற வேற ஒலிதான். வராதவங்க ஊர்ப் பெரியவங்க பேசுறதைக் கேளுங்க. 'ஞ' நம்மகிட்டயே இருக்கு, 'நாளைக்கு'ங்கிறதை மஞ்ஞானான்னு தைரியமாச் சொல்லுங்க. அப்புறம் மத்ரித்ல பஸ் பிடிக்கச் சொல்ற 'கொஹேர்' மெக்சிகோவுல, அர்ஜென்டினாவுல கெட்ட வார்த்தை. அங்கே 'தொமார்'.

தஞ்சை_பயணி
இலக்கணம் நான் கேட்கல அண்ணா. ஆனா அந்த வேற்றுமை விஷயம் சரிதான்.

மேசை_எண்_4க்கு: வழக்கம் இல்லைங்க. பூக்காரர்கிட்ட 'லே', என்கிட்ட 'தே'ன்னு அவங்க மாத்தி மாத்திப் பேசுறதைப் பக்கத்துல நின்னு மூணு மாசம் கேட்டிருக்கேன். பொகோதா நண்பர் சொன்னதை நம்பத்தான் ஆசையா இருக்கு. எங்க அம்மாவை மட்டும் நான் 'நீ'ன்னுதான் கூப்பிடுவேன். அந்த 'நீ'யைத்தான் அவங்க கேட்டாங்கன்னு ஊருக்கு வந்தப்புறம்தான் புரிஞ்சது.

நம்பர் இருக்கு. இன்னும் கூப்பிடல.