கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பழைய ரெக்கார்டுகளைத் தொகுப்பது எப்படி?

மல்லேஸ்வரம் மாறன்:
வணக்கம். பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரி ஆடவர் அணிக்குச் சாதனைப் பலகை தயாராகிறது. 1990களின் கடைசியிலிருந்து ஸ்கோர்ஷீட்டின் கார்பன் நகல்கள் கைவசம் உண்டு, பாதி மங்கிவிட்டன. மொத்தப் புள்ளிகள், ஒரே ஆட்டத்தில் அதிகப் புள்ளிகள், ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஆடிய ஆட்டங்கள் வேண்டும். ஒரே ஜெர்சி எண் பலருக்கு வருகிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

ஸ்கோர் டேபிள்:
ரீபவுண்டை விட்டுவிடுங்கள் சார். ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) ஸ்கோர்ஷீட்டில் அதற்கு இடமே கிடையாது, அசிஸ்டுக்கும் (கூடைக்கு வழிசெய்த பாஸ்) அப்படித்தான். தவறிய ஃப்ரீ த்ரோவும் (ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றி எறியும் ஒரு புள்ளி வாய்ப்பு) பதிவாகாது. எதிரணியின் ஃபவுல் கட்டத்தில் P2 என்றிருந்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன என்று தெரியும். யார் எறிந்தார் என்பது அதில் இருக்காது.

புள்ளிகளை ரன்னிங் ஸ்கோரிலிருந்து, அதாவது அணியின் புள்ளிகள் கூடிக்கொண்டே போகும் பத்தியிலிருந்து எடுங்கள். சாய்கோடு ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் ஓட்டத்தில் போட்ட கூடை), கருமையாக நிரப்பிய வட்டம் ஃப்ரீ த்ரோ. ஜெர்சி எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் மூன்று புள்ளி. மங்கிய நகலில் முதலில் மறைவது இந்த வட்டம்தான். அதனால் வட்டத்தை நம்பாமல், முந்தைய கூட்டலுக்கும் இதற்கும் எத்தனை வித்தியாசம் என்று பாருங்கள்: 41க்குப் பின் 44 என்றால் அது மூன்றேதான்.

ஒருவர் தவறிப்போய்ச் சொந்தக் கூடையில் போட்டால், அது எதிரணியில் களத்திலிருக்கும் கேப்டன் பெயரில் ஏறும். கேப்டன் கணக்கில் ஒரு கூடை கூடுதலாகத் தெரிந்தால் அடித்துவிட வேண்டாம்.

ஆடிய ஆட்டத்துக்குப் பெயர்ப் பட்டியலை எண்ணாதீர்கள். பெயருக்கு நேரே x குறி இருந்தால்தான் களமிறங்கினார் என்று அர்த்தம். வட்டமிட்ட x தொடக்க ஐவர்.

ஜெயநகர் ஜெயந்தி:
ஜெர்சி எண் குழப்பம் வரத்தான் செய்யும். ஃபிபா விதியில் 2014 வரை 4 முதல் 15 வரைதான் எண்கள். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு 7ஆம் எண் இருப்பார். பெயரும் போதாது, இனிஷியல் முன்னும் பின்னும் மாறும். விடியு (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கல்லூரி என்றால் யூஎஸ்என்னை, அதாவது பல்கலைக்கழகம் தரும் மாணவர் எண்ணை அடையாளமாக வையுங்கள். அதிலேயே சேர்ந்த ஆண்டும் பிரிவும் இருப்பதால், ஐந்தாம் ஆண்டிலும் ஒருவர் பெயர் வந்தால் உடனே கண்ணில் படும்.

எக்செல்லில் ஒரு வீரர், ஒரு ஆட்டம், ஒரு வரி. போட்டியின் பெயரும் ஷீட்டின் புகைப்பட எண்ணும் அதே வரியில் இருக்கட்டும்.

மாறன்:
நன்றி மேடம். பழைய ஆட்டங்களையும் இப்போதையவற்றையும் ஒரே பட்டியலில் போடலாமா?

ஸ்கோர் டேபிள்:
மொத்தப் புள்ளிகளை ஒரே பட்டியலில் போடலாம், ஆனால் காலத்தைப் பக்கத்தில் குறிக்க வேண்டும். ஃபிபா 2000இல் இரண்டு 20 நிமிடப் பாதிகளை நான்கு 10 நிமிடக் குவார்ட்டர்களாக்கியது. ஷாட் கிளாக், அதாவது பந்தைக் கூடைக்கு எறிய ஓர் அணிக்குள்ள நேரம், 30 நொடியிலிருந்து 24 ஆனது. 2010இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குப் போனது. உள்ளூர்ப் போட்டிகள் அதே ஆண்டில் மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. ஷீட்டில் பாதியா குவார்ட்டரா என்று பார்த்துப் பிரித்து வையுங்கள். எண்களைத் திருத்தி ஈடுகட்ட மட்டும் வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் பீட் மாராவிச் 83 ஆட்டங்களில் எடுத்த 3,667 புள்ளிகள் மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தவை. கெய்ட்லின் கிளார்க் 2024இல் அதைத் தாண்டி 139 ஆட்டங்களில் 3,951 எடுத்தார். இரண்டும் அப்படியே பதிவில் இருக்கின்றன, ஆட்டங்களின் எண்ணிக்கையோடு. அதுதான் நேர்மை.

ஜெயந்தி:
ஷீட் கிடைக்காத ஆட்டத்துக்கு நாளிதழ் உதவும். ஆனால் பெரும்பாலும் முக்கிய ஸ்கோரர்கள் பெயர் மட்டும்தான் வரும். ஒரே ஆட்டத்தின் அதிகப் புள்ளிக்கு அது போதும், மொத்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எதிரணி வராமல் 20-0 என்று முடிந்தவற்றை அணியின் வெற்றியில் மட்டும் எழுதுங்கள். அதில் எந்த வீரருக்கும் ஆட்டமோ புள்ளியோ கிடையாது.